அரச இணையத்தளங்களின் வாசல் லயன்களுக்கும் திறக்க வேண்டும்

மலையகத்தில் அடைமழை பெய்யும் நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகள் மூன்று நிறங்களில் வெளியாகின்றன. 24 மணித்தியாலத்தில் மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் உடனடியாக வெளியேற வேண்டும் என்பது பொருள். கொழும்பில் இணையத்தளமொன்றில் ஏறும் இந்த எச்சரிக்கை, பொகவந்தலாவையில் லயன் காம்பிரா ஒன்றில் இருப்பவரை எந்த வடிவில், எந்த மொழியில் சென்றடைகின்றது என்பதே எமது கேள்வியாகும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே பேரிழப்பைச் சந்தித்தன. இணையத்தளமொன்று சீராக இருந்திருந்தால் இந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று நாம் கூறவரவில்லை. வெளியேறு என்று சொல்பவர்கள் போய்க் குடியேறக் காணி தராதவரை எச்சரிக்கைக்குப் பொருள் குறைவு. ஆயினும் எச்சரிக்கையேனும் உரியவருக்கு விளங்க வேண்டாமா?

இணையத்தளங்கள் எல்லோருக்கும் பயன்படக்கூடியவையாக அமைய வேண்டும் என்பதற்கு உலகப் பொதுவான நெறிமுறைகள் உள்ளன. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அவற்றை 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. அண்மைய பதிப்பு 2023 ஒக்டோபரில் வெளியானது. அவை கூறுபவை நான்கே: உள்ளடக்கம் புலப்பட வேண்டும், இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், விளங்க வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைக்க வேண்டும். நிறத்தை மட்டும் கொண்டு செய்தி சொல்லக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் ஆண்களில் கணிசமானோர். கண்புரை மூடிய கிழவிக்கு எந்த நிறமும் மங்கலே. எனவே வரைபடத்தில் சிவப்புத் தீட்டியது போதாது. 'வெளியேறுக' என்ற சொல்லும், ஊரின் பெயரும் எழுத்தில் இருத்தல் வேண்டும். பிரதேச செயலகப் பிரிவின் பெயரை மட்டும் போட்டுவிட்டால், தன் இருப்பிடத்தைத் தோட்டத்தின் பெயராலும் டிவிசனின் பெயராலும் மட்டுமே அறிந்த தொழிலாளிக்கு அது வேறெங்கோ நடக்கும் செய்தியாகிவிடும்.

எழுத்து என்று சொன்னோம். அங்கேதான் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கின்றது. பல ஆண்டுகளாக இந்நாட்டின் அலுவலகங்களில் தமிழ் என்றால் பாமினி எழுத்துருதான். பாமினியில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே கிடக்கின்றது. 'அம்மா' என்ற சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதாகும். விழிப்புலனற்ற ஒருவர் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைத் திறந்தால், அவருக்குக் கேட்பது 'அம்மா' அல்ல, இந்த உளறலே. தமிழைக் குரலில் வாசிக்கும் இலவச மென்பொருள் இல்லாமலில்லை. விழிப்புலனற்றவரான மைக்கல் கரன் அவுஸ்திரேலியாவில் 2006இல் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. தமிழையும் வாசிக்கும். வாசிப்பதற்குத்தான் தமிழ் இல்லை. யுனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. அதன் பின்னரும் பாமினியில் அடித்த சுற்றறிக்கைகளும், காகிதத்தை அப்படியே படம்பிடித்து ஏற்றிய படிவங்களும் அரச தளங்களில் கிடக்கின்றன. பத்திரிகை அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினியிலேயே பக்கம் அமைத்தன என்பதால் இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

படமாக ஏற்றப்பட்ட அறிவித்தல் கண் தெரிந்தவருக்கும் உதவாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சிறிய கைத்தொலைபேசியில் பெரிதாக்கினால் மங்கிப்போகும். சிக்னல் குன்றிய பள்ளத்தாக்கில் இறங்க மறுக்கும். அதே செய்தி நான்கு வரி எழுத்தாக இருந்தால், காலைப் பெரட்டில் ஒருவர் உரத்து வாசிக்க, நூறு பேர் கேட்டுக்கொள்வார்கள்.

படிவங்களின் கதை இன்னும் நீளமானது. ஹட்டன் நகரில் 'கொமியூனிகேஷன்' கடையொன்றில் சில மணித்தியாலங்கள் அமர்ந்திருந்து நாம் பார்த்தோம். இலவசச் சேவை என்று அறிவிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு அங்கே கட்டணம் உண்டு. கடைக்காரரைக் குறைகூற மாட்டோம். அவர் இல்லாவிட்டால் அந்த மக்களுக்கு அரசாங்கமே இல்லை. படிவம் வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் கேட்கின்றது. லயன் வீட்டுக்கு இரண்டும் இல்லை. குடும்பப் பெயரைக் கட்டாயம் எழுது என்கின்றது. மலையகத் தமிழருக்குத் தந்தையின் பெயரே முன்னெழுத்து. முஸ்லிம்களிலும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடைப் பையன் கைக்கு வந்ததை நிரப்புகின்றான். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று என்று ஆன பின்னர், அதைத் திருத்துவதற்கு நாட்சம்பளத்தை இழந்து அலையும் வருடங்கள் தொடங்குகின்றன. இடையில் நேரம் முடிந்துவிட்டது என்று தளம் தானாக மூடிக்கொண்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். நேரம் முடியுமுன் எச்சரித்து, நீடிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன நெறிமுறைகளில் உள்ளதே.

2023இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியானபோது 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அவற்றை இணையவழியிலும் சமர்ப்பிக்கலாம் என்று கூறப்பட்டது. 'இணையவழி' என்ற சொல் தோட்டத்தில் எத்தனை ரூபா, எத்தனை நாள், எத்தனை கையேந்தல் என்பதைக் கொழும்பில் எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

சட்டத்தில் குறை காண்பதற்கில்லை என்று கூறிவிடவும் முடியாது. அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988இல் தமிழை நிர்வாக மொழியாக்கியது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது. அதன் 9ஆவது உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. ஆனால் எமது 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பேசுவதோ கட்டடங்களைப் பற்றி. கச்சேரியின் படிக்கட்டுக்குச் சாய்தளம் கட்டு என்கின்றன. கச்சேரியே இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதை அவை அறியா. இந்தியாவில் அரச தளங்களுக்கான வழிகாட்டி 2009இலேயே வந்தது. அமில வீச்சினால் கண் சிமிட்ட இயலாதோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது.

இங்கு தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அமைச்சுகளும் திணைக்களங்களும் தளங்களை அமைக்கத் தனியாருக்கு ஒப்பந்தம் வழங்குகின்றன. இறுதிக் கொடுப்பனவில் கையெழுத்திடுமுன், அத்தளத்தின் தமிழ்ப் பக்கத்தை விழிப்புலனற்ற ஒருவரிடமும், தோட்டமொன்றில் விலை குறைந்த கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒருவரிடமும் கொடுத்து ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொல்ல வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு நாம் கோருகின்றோம். அவர்கள் இருவரும் துணையின்றி நிரப்பி முடிக்கும் நாள் வரை கொடுப்பனவை நிறுத்தி வைக்கலாம்.