அந்தி வானமே பாடப் புத்தகம்

"படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித் தருகிறார்கள். பால்மரம் வெட்டப் போகும் நாங்கள் எதைச் சொல்லித் தருவது?" என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் கேட்பதுண்டு.

பெற்றோர்களே! மாலையில் பிள்ளையோடு வீட்டு வாசலுக்கு வந்து நிமிர்ந்து பாருங்கள். பட்டணத்து விளக்கொளியில் மங்கிவிடும் வானம் தோட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பாடத்துக்குக் கட்டணம் இல்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை.

முதலில் நிலா. மூன்றாம் பிறை மேற்கே தெரியும் நாளில் தொடங்குங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று, மரத்தையோ கூரையையோ அடையாளம் வைத்துப் பாருங்கள். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால், அந்தக் கைமுட்டியின் அகலத்தைவிடச் சற்று அதிகமாக நிலா நாள்தோறும் கிழக்கே தள்ளி நிற்கும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும். பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதித்து உதிக்கும். நிலா பூமியைச் சுற்றுவதைப் பிள்ளை தன் கையாலேயே அளந்துவிட்டது அல்லவா?

அடுத்து கிரகங்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே அவற்றின் பெயர்கள் இருக்கின்றன. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. நட்சத்திரம் மினுக்கும், கிரகத்தின் ஒளி பெரும்பாலும் அசையாது நிற்கும். விடியலில் பெரட்டுக்குப் போகும்போது கிழக்கே விடிவெள்ளியைக் கண்டிருப்பீர்கள். அதே வெள்ளிதான் வேறு மாதங்களில் அந்தியில் மேற்கே ஒளிர்கிறது. அது சூரியனை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே நம் ஊரில் நள்ளிரவில் தெரியாது. செவ்வாய் சிவந்திருக்கும். இருகண் தொலைநோக்கி கிடைத்தால் வியாழனருகே சிறு புள்ளிகளைக் காணலாம். கலிலியோ 1610-ஆம் ஆண்டில் கண்டறிந்த அதன் நான்கு நிலாக்கள் அவை. சனி என்றாலே அஞ்சுவோர் உண்டு. பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள். இளமஞ்சள் ஒளியுடன் அமைதியாக நிற்கும் அதைப் பார்த்த பிறகு பயம் ஏது?

சில மாலைகளில் 'நட்சத்திரம்' ஒன்று நடந்து போகும். மின்னி மின்னி எரியும் விளக்கு இருந்தால் அது விமானம். ஒரே சீராக ஒளிர்ந்து, ஓசையின்றி மேற்குப் புறமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்தால், அது விண்வெளிக் கலமாக இருக்கலாம். அவற்றுள் மிகப் பெரியது அனைத்துலக விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. கீழே நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் அது ஒளிர்கிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே மறைந்துவிடும். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

அதில் 2000 நவம்பர் முதல் மனிதர்கள் மாறி மாறி வாழ்ந்து வருகிறார்கள். நம் நாட்டு மருத்துவர் ஷேக் முஸாபர் சுக்கோர் 2007 அக்டோபரில் அங்கே சென்று தங்கித் திரும்பினார். இதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மலேசியர் ஒருவர் போய் வந்த இடம், நம் லயத்துக் கூரைக்கு மேலேயே கடந்து செல்கிறது.

ஓர் எச்சரிக்கை: தொலைநோக்கியால் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும்.

ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும். பார்த்ததைப் பிள்ளை வரையட்டும், தேதியையும் குறிக்கட்டும். "ஏன் அப்பா?" என்று கேட்டு, உங்களுக்கு விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "நாளைக்கு வாத்தியாரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்" என்று அனுப்புங்கள். கேள்வியோடு பள்ளிக்கு வரும் பிள்ளை பின்தங்குவதில்லை.