இடைவெளி 0.1 விநாடி: கருந்துளை சொன்ன ரகசியம்!

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரை. மாசி மகத்தன்று பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் இடம். மழைக்காலத்தில் இங்கே நின்றால், கடல்மேல் மின்னல் வெட்டும். சற்றுப் பொறுத்து இடி கேட்கும். இடைவெளி மூன்று விநாடி என்றால், மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி!

கருந்துளையின் தூரக் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான்.

அருகிலுள்ள நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்கும் கருந்துளை, அதில் கொஞ்சத்தை இரு பக்கமும் தாரையாகப் பீய்ச்சும். அந்தத் தாரை, டி.வி. ரிமோட்டில் இருக்கிறதே, அதே அகச்சிவப்புக் கதிரில் படபடவென்று மினுக்கும். கருந்துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அது ஒளிரத் தொடங்குகிறது? இதுதான் புதிராக இருந்தது.

‘ஜி.எக்ஸ் 339-4’ கருந்துளையருகே எக்ஸ் கதிர் துடித்த 0.1 விநாடியில் அகச்சிவப்பும் துடித்ததை 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. 26 ஆண்டுகள் உறங்கிய ‘வி404 சிக்னி’, 2015 ஜூனில் விழித்தது. அங்கே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதே 0.1 விநாடி! போஷக் காந்தி தலைமையிலான குழு 2017-ல் இதை வெளியிட்டது.

கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பாயும் பொருள், அதற்குள் சுமார் 30,000 கிலோமீட்டர் போகும். பூமியின் குறுக்களவைப் போல இரண்டரை மடங்குகூட இல்லை. தாரை பற்றிக்கொள்வது அங்கேதான்.

கேலக்ஸிகளின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளைகளும் தாரை பீய்ச்சுகின்றன. அவை வாயுவைச் சூடாக்கி, புது நட்சத்திரங்கள் பிறப்பதையே தடுக்கக்கூடியவை. அவற்றைப் புரிந்துகொள்ள, இந்தச் சின்னக் கருந்துளைகளே பாடப்புத்தகம்.

அடுத்த முறை மின்னல் வெட்டினால், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள்!