இணையவழி ஒளிப்படக் காப்பு

இணையவழி ஒளிப்படக் காப்பு என்பது எண்ணிம ஒளிப்படங்களின் படிகளை இணையத்தின் ஊடாகத் தொலைவிலுள்ள வழங்கிகளில் சேமித்து வைக்கும் முறையாகும். கணினி பழுதடைந்தாலும் களவு போனாலும் படங்களை மீட்பதே இதன் நோக்கம்.

தேவை

வன்தட்டு, குறுவட்டு, நினைவக அட்டை ஆகிய யாவும் காலப்போக்கில் பழுதடையக்கூடியவை. மூலமும் படியும் ஒரே இடத்தில் இருப்பின் ஒரே விபத்தில் இரண்டும் அழியலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியது. பள்ளிகொண்டா போன்ற ஆற்றங்கரை ஊர்களில் கணினியையும் புற வன்தட்டையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பது பாதுகாப்பாகாது.

ஒத்திசைவும் காப்பும்

இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒத்திசைவில், ஒரு கருவியில் அழிக்கப்பட்ட படம் வழங்கியிலிருந்தும் அழிக்கப்படும். கூகுள் போட்டோசில் காப்பிடப்பட்ட படத்தை நீக்கினால் அது 60 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருந்து, பின்னர் நிலையாக அழியும். உண்மையான காப்பில் பழைய பதிப்புகளும் பேணப்படும்.

3-2-1 விதி

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய இவ்விதியின்படி,
* ஒவ்வொரு கோப்புக்கும் மூலம் உட்பட 3 படிகள் வேண்டும்.
* அவை 2 வகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும்.
* 1 படி வேறு இடத்தில் இருத்தல் வேண்டும்.

இணையச் சேவை மூன்றாவது தேவையை எளிதில் நிறைவேற்றுகிறது. ஆயினும் அது ஒரு படி மட்டுமே.

குறைபாடுகள்

சேவைகள் நிறுத்தப்படலாம். கோடாக் கேலரி 2012 இலும் பிக்காசா வலைத் தொகுப்புகள் 2016 இலும் மூடப்பட்டன. இலவசக் கணக்குகளில் 1,000 படங்களே வைக்கலாம் என பிளிக்கர் 2018 இல் அறிவித்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் இசுட்ராசுபூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றியது. வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தரவை இழந்தனர்.

சில சேவைகள் இடத்தை மிச்சப்படுத்தப் படங்களைச் சுருக்குகின்றன. எனவே மூலத் தரத்தில் பதிவேற்றும் தெரிவைத் தேர்ந்தெடுத்தல் நன்று. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 100 கிகாபைட்டைப் பதிவேற்ற ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும்.

எடுத்துக்காட்டு

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன், தமிழக ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்களை எண்ணிமப்படுத்தியது. அத்திட்டத்தின் வழக்கப்படி மூலங்கள் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை. எண்ணிமப் படிகள் உள்நாட்டிலும் பிரித்தானிய நூலகத்திலும் வைக்கப்படுகின்றன.

சரிபார்த்தல்

ஆண்டுக்கு ஒருமுறையேனும் சில படங்களை மீட்டெடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்பு பயன்படுமா என்பதை இழப்பு நேரும்போதுதான் அறிய முடியும். கடவுச்சொல்லைக் குடும்பத்தில் மற்றொருவரும் அறிந்திருத்தல் நலம்.