நாமே செய்யும் கைவிளக்கு

மழைக்கால இரவு. இடி முழங்குகிறது, சட்டென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. “டார்ச் லைட்டு எங்கே?” என்று வீட்டில் ஒரு குரல் எழுகிறது. தேடி எடுத்தால், அதிலுள்ள மின்கலங்கள் என்றோ தீர்ந்துபோயிருக்கும்!

தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இருட்டு புதியதன்று. அக்காலத்தில் பல தோட்டங்களில் இரவு குறித்த நேரத்தில் மின்பொறியை நிறுத்திவிடுவர். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குதான். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்வோர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டே நிரைக்குச் சென்றனர். இன்றோ, பள்ளி மாணவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடிய எளிய கைவிளக்கு ஒன்று உண்டு. அதைச் செய்யும் முறையை இங்குக் காண்போம்.

இதன் உயிர்நாடி எல்.இ.டி. என்னும் சிறு விளக்கு. பழைய மின்குமிழில் மெல்லிய கம்பியிழை சூடேறி ஒளிர்ந்தது. செலவான மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாயிற்று. எல்.இ.டி.யில் இழை இல்லை. குறைகடத்தி என்னும் பொருளின் வழியே மின்சாரம் பாயும்போது அப்பொருளே ஒளியை உமிழ்கிறது. சிவப்பு எல்.இ.டி. 1962-ஆம் ஆண்டிலேயே உருவாகிவிட்டது. ஆனால், வெள்ளை ஒளிக்கு வழிகோலிய நீல எல்.இ.டி. எளிதில் கைகூடவில்லை. அதனைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, விளக்கைச் செய்வோம். ஏஏ அளவு மின்கலங்கள் இரண்டு, 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்.இ.டி. ஒன்று, உறையிட்ட மெல்லிய மின்கம்பி, பித்தளைப் பின்கள் இரண்டு, காகிதக் கவ்வி ஒன்று, அலுமினியத் தாள், பழைய நாள்காட்டி அட்டை, ஒட்டுநாடா, இரப்பர் வளையம் ஆகியவை போதும்.

ஏன் இரண்டு மின்கலங்கள்? ஒன்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டு. வெள்ளை எல்.இ.டி. நன்கு ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட்டு வேண்டும். ஒரு மின்கலத்தோடு இணைத்தால் அது கண் திறவாது. மூன்றை இணைத்தால் மின்னோட்டம் மிகுந்து எல்.இ.டி. கெட்டுவிடக்கூடும், அப்போது 100 ஓம் மின்தடை ஒன்றைச் சுற்றில் சேர்க்க வேண்டும். மீண்டும் மின்னூட்டும் வகைக் கலங்கள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டே தருவதால், அவற்றில் இரண்டை இட்டால் ஒளி மங்கலாகவே இருக்கும்.

இரு கலங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நேர்முனைகள் இரண்டும் மேல்நோக்கியிருக்குமாறு வைத்து, அட்டையால் இறுகச் சுற்றி ஒட்டுக. எல்.இ.டி.யின் நீண்ட காலை வளைத்து மேல்முனையின் குமிழ்மீது படியச் செய்க. குட்டைக் காலை வெளிப்புறம் மடக்குக. இரு கால்களும் ஒன்றையொன்று தொடலாகாது. அடிமுனையில் அலுமினியத் தாளை உருட்டி வைத்து, அதனுடன் ஒரு கம்பியின் உறை நீக்கிய நுனியைச் சேர்த்து ஒட்டுக. பின்பு இரப்பர் வளையத்தை நீளவாக்கில் மாட்டினால், மேலும் கீழும் தொடுப்பு இறுகும். இரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பது இங்கு நமக்கு நன்மை. மரப்பால் மின்சாரத்திற்கு வேலியாவது பழைய கதைதான். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு உறையாக அமைந்தது கட்டாபெர்ச்சா. அது மலாயாவிலும் அண்டைத் தீவுகளிலும் வளரும் தாபான் மரத்தின் பால்!

விசைக்கு ஒரு சிறு அட்டைத்துண்டில் இரு பின்களையும் சற்று இடைவெளிவிட்டுக் குத்துக. அடியிலிருந்து வரும் கம்பியை ஒரு பின்னிலும், குட்டைக் காலிலிருந்து வரும் வேறொரு கம்பியை மற்றதிலும் சுற்றுக. முதற்பின்னில் காகிதக் கவ்வியை மாட்டித் திருப்பி, மறுபின்னைத் தொடச்செய்தால் மின்சுற்று நிறைவுறும், விளக்கு எரியும்.

எரியவில்லையா? கவலை வேண்டா. நாம் முதன்முதல் செய்த விளக்கும் எரியவில்லை, எல்.இ.டி. கெட்டதென்றே எண்ணி எறியவிருந்தோம். உண்மையில் அதனைத் தலைகீழாக இணைத்திருந்தோம். எல்.இ.டி. ஒரு வழிப்பாதை போன்றது. மின்சாரம் நீண்ட கால்வழியே புகுந்தால்தான் ஒளி தரும். கால்களை மாற்றியதும் பளிச்சென்று எரிந்தது. அதுவும் சரியென்றால் கலங்களின் திசையையும் ஒவ்வொரு தொடுப்பையும் பாருங்கள்.

இவ்விளக்கு ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே கொள்கிறது. பழைய டார்ச் குமிழோ 300 வரை கொண்டது. எனவே, ஒளி சிறிது சிறிதாக மங்கினாலும் ஒரே சோடிக் கலங்கள் பல இரவுகளுக்கு உதவும்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே கம்பிகளைப் பிள்ளைகள் சுவரிலுள்ள மின்செருகியில் சோதித்துப் பார்க்க ஒருபோதும் இடமளிக்காதீர். அங்குள்ளது உயிர் குடிக்கும் 230 வோல்ட்டு. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறுங் கம்பியால் நேராக இணைத்தாலும் கம்பி சுடும். நெடுநாள் பயன்படுத்தாவிடில் கலங்களைக் கழற்றி, விளக்கோடு ஒரு பையில் இட்டு, கதவருகே ஆணியில் மாட்டி வையுங்கள். இருட்டில் தடவினாலும் வீட்டிலுள்ள சிறியவர் கைக்கும் அது எட்ட வேண்டும்.