'டிக்... டிக்...' சத்தம் வருதா? ஹார்டு டிஸ்க்கில் உள்ள பனியன் டிசைன்களை காப்பாற்ற வழி

திருப்பூர்:
திருப்பூரில் இப்போது துணி மெஷினுக்கு போகும் முன்பே டிசைன் கம்ப்யூட்டரில் ரெடியாகி விடுகிறது. எம்பிராய்டரி பஞ்சிங், பிரிண்டிங் டிசைன், பேட்டர்ன், பையர் அனுப்பிய ஆர்டர் விவரம் எல்லாமே பைல்கள்தான். சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் இவற்றை கையடக்க எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைக்கிறார்கள்.

அது திடீரென மக்கர் பண்ணினால், ரிப்பீட் ஆர்டர் வரும்போது டிசைனை முதலில் இருந்து போட வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கும் அதில் இருந்தால் தலைவலி இரட்டிப்பு. ஆண்டு கணக்கு தாக்கலுக்கான கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

கேபிளை மாற்றுங்கள்

டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றதும் பதற வேண்டாம். பல நேரம் கோளாறு கேபிளில்தான் இருக்கும். வேறு கேபிளை போட்டு, சி.பி.யு.வின் பின்பக்க போர்ட்டில் நேரடியாக சொருகி பார்க்க வேண்டும். சின்ன டிஸ்க்குகளுக்கு யு.எஸ்.பி. வழியாகத்தான் கரண்ட் போகிறது. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் தரும். ஒரே ஹப்பில் நாலைந்து பொருட்களை மாட்டினால் கரண்ட் பற்றாது. பெரிய டிஸ்க் என்றால் அடாப்டரையும் மாற்றி பார்க்கலாம்.

சத்தம் வந்தால் நிறுத்துங்கள்

டிஸ்க்குக்குள் தட்டு சுற்றுகிறது. கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. அதன் மேல் 'ஹெட்' என்ற படிக்கும் முனை, தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. கீழே விழுந்தால் ஹெட் பழுதாகும், தட்டிலும் உரசும்.

'டிக் டிக்' என்று விடாமல் சத்தம் வந்தால், ஹெட் இடம் தெரியாமல் தடுமாறுகிறது என்று அர்த்தம். உடனே கழற்றி விட வேண்டும். திரும்ப திரும்ப போட்டு பார்த்தால் உள்ளதும் போச்சு.

சத்தம் இல்லை, ஆனால் ஆமை வேகத்தில் காப்பி ஆகிறது என்றால், ரொம்ப முக்கியமான பைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்து விட வேண்டும். அதன் பிறகு 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச சாப்ட்வேரில் சோதிக்கலாம். மஞ்சள் அல்லது சிவப்பு காட்டினால் அந்த டிஸ்க்கை இனி நம்பக்கூடாது.

இதையெல்லாம் செய்யாதீங்க

'பார்மேட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்ல வேண்டும். பைல்களை எடுக்கும் முன் 'செக் டிஸ்க்' ஓட்டவும் கூடாது. அது டிஸ்க்கில் மாற்றி எழுதும், பலவீனமான டிஸ்க் அதிலேயே படுத்து விடும்.

மூடியை கழற்றுவது அதைவிட ஆபத்து. பனியன் கம்பெனி காற்றில் பஞ்சுத்தூசி பறக்கும். ஒரு தூசி போதும், தட்டில் கீறல் விழும். இதற்கென தூசி இல்லாத தனி அறை உள்ள டேட்டா ரெகவரி சென்டரில்தான் திறக்க வேண்டும். செலவு புது டிஸ்க் விலையைவிட பல மடங்கு ஆகலாம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். உள்ளே ஈரம் கோர்த்து விடும்.

டிசைன் பைல்களை எப்போதும் 2 டிஸ்க்குகளில் வைக்க வேண்டும். ஒன்று யூனிட்டில், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். தீ விபத்தோ திருட்டோ நடந்தாலும் ஒரு காப்பி மிஞ்சும்.