வரைபடத்தோடு ஓட்டம் – 9: திரையில் அகலும் சந்து

2014 உலக ஓரியன்டீரிங் சாம்பியன்ஷிப்பின் ஸ்பிரின்ட் இறுதி ஓட்டம் வெனிஸில் நடந்தது. கால்வாய்களும் பாலங்களும் ஆள் அகலச் சந்துகளும் பின்னிக் கிடக்கும் ஊர் அது. இப்படிப்பட்ட ஊரில் பாதை வகுப்பவர் இன்று பர்ப்பிள் பென், கான்டெஸ், ஓகேட் போன்ற மென்பொருளில் வரைபடத்தைத் திறந்து, மவுஸ் சக்கரத்தை உருட்டி, வேண்டிய மூலையைப் பெரிதாக்கி, ஓடுபவர் போய்ச் சேர வேண்டிய இடமான கன்ட்ரோலை வைக்கிறார். கன்ட்ரோலைச் சரியான இடத்தில் வைக்க அந்தப் பெரிய காட்சி அவசியம். ஆனால் ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்ததற்கு ஓடும் லெக் நியாயமானதா என்று தீர்மானிக்கும்போது அதே காட்சி வகுப்பவரை ஏமாற்றிவிடுகிறது. அங்கே அச்சளவில் பார்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பார்த்தாலே புரியும். ஸ்பிரின்ட் வரைபடத்தின் அளவுத்திட்டம் 1:4,000. கட்டடங்களுக்கு நடுவே காட்டக்கூடிய மிகக் குறுகிய இடைவெளி 0.4 மி.மீ.; தரையில் 1.6 மீட்டர். நான்கு மடங்கு பெரிதாக்கிய திரையில் அதே சந்து 1.6 மி.மீ. அகலத்தில் பளிச்சென்று திறந்து கிடக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் நேரே போவார், தவறவிட்டவர் சுற்றிப் போவார், அருமையான வழித்தேர்வு என்று வகுப்பவர் நம்புகிறார். ஓடுபவருக்கோ மூச்சிரைக்க, குலுங்கும் தாளில் தெரிவது 0.4 மி.மீ. மட்டுமே. அதன் மேலேயே லெக்கின் ஊதாக் கோடு போனால், கோட்டின் தடிமன் 0.35 மி.மீ. என்பதால் சந்து ஏறக்குறைய மறைந்தே போகும். அப்போது ஜெயிப்பது கூர்மையான கண்தான். வழி தேரும் திறமைக்கு அங்கே வேலையில்லை. வரைபடத்தை மங்கலாக்கி ஊதாவை மட்டும் எடுப்பாகக் காட்டும் வசதியும் இதே ஆபத்தைத் தருகிறது. வெளிறிய திரையில் ஊதா எல்லா இடத்திலும் தெளிவாகத் தெரியும். கன்ட்ரோலைக் குறிக்கும் வட்டம் எந்தப் பாறையை மறைக்கிறது, எந்தப் பச்சை எவ்வளவு அடர்ந்த காடு என்பது தெரியாது.

கடைசியில் அச்செடுத்துப் பார்க்கத்தானே போகிறோம் என்று கேட்கலாம். பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அதற்குள் இடங்களுக்கு அனுமதி வாங்கி, தரையில் அடையாளமும் கட்டியிருப்பார்கள். ஒரு கன்ட்ரோலை நகர்த்தினால் முன்னும் பின்னுமாக இரண்டு லெக்குகள் மாறும். அந்த நிலையில், பரவாயில்லை என்று விட்டுவிடவே மனம் சாயும். மூத்தவர்களுக்குப் பெரிய வரைபடம் தருகிறோமே என்பது இன்னொரு மறுப்பு. காட்டு ஓட்டத்தில் 1:15,000 வரைபடத்தை அவர்களுக்காக 1:10,000 ஆக்குவது உண்மைதான். அதுவும் ஒன்றரை மடங்குதான். தாளில் என்ன தெரிகிறது என்பதே ஓட்டத்தின் நியாயத்தைத் தீர்மானிக்கிறது என்று இந்த விளையாட்டு ஒப்புக்கொண்டதால் வந்த ஏற்பாடு அது.

திரையில் 100 சதவீதம் என்று காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். திரைக்குத் திரை புள்ளி அடர்த்தி வேறு. கன்ட்ரோல் வட்டத்தின் மீது ஒரு அடிக்கோலை வைத்துப் பாருங்கள். ஸ்பிரின்டில் விட்டம் 6 மி.மீ., 1:15,000 காட்டு வரைபடத்தில் 5 மி.மீ. வரும்வரை காட்சியைச் சரிசெய்து, வண்ணங்களை முழு அடர்த்திக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு லெக்கையும் கை நீட்டும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து சந்து தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் ஊதாக் கோட்டை வெட்டிவிடலாம். விதி அதற்கு இடம் தருகிறது. வெட்டியும் தெரியாவிட்டால் கன்ட்ரோலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.