பழைய கம்பளியில் ஹாலோவீன் வேடம்

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேரூன்றி, அங்கிருந்து குடியேறியவர்களால் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்று பெருவிழாவாக வளர்ந்தது ஹாலோவீன். அக்டோபர் 31-ஆம் தேதி மாலை, பிள்ளைகள் பேயாகவும் பூனையாகவும் ஆந்தையாகவும் வேடம் புனைந்து, வீடு வீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். முன்னாளில் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினர். அமெரிக்காவில் அவ்விடத்தைப் பூசணிக்காய் பிடித்துக்கொண்டது. கனடாவின் ஸ்கார்பரோவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இன்று இவ்விழாவில் கலந்துகொள்கின்றனர்.

நூலையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விழாவில் என்ன என்று அன்பர்கள் வினவலாம். அவ்வேடங்களுக்கான உடையைக் குரோஷா ஊசியால் வீட்டிலேயே பின்னிக்கொள்ளும் வழக்கம் அந்நாடுகளில் உண்டு. சிக்கனத்துக்காகத் தொடங்கும் அவ்வேலை பலரிடத்தில் பெருஞ்செலவாக முடிகிறது. காரணம் ஊசியில் இல்லை. எதைப் பின்னுவது, எந்த நூலில் பின்னுவது என்னும் தீர்மானத்தில் இருக்கிறது.

குரோஷாவுக்கும் அயர்லாந்துக்கும் உள்ள உறவு துயரத்தில் பிறந்தது. 1845-ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிய, பெரும் பஞ்சம் அந்நாட்டை வாட்டியது. அக்காலத்தில் கொர்க் பகுதியின் கன்னியர் மடங்களிலும், 1847 முதல் க்ளோன்ஸ் என்னும் ஊரிலும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷாச் சரிகை பின்னக் கற்பிக்கப்பட்டது. ஒரு கொக்கி ஊசியும் ஒரு கண்டு நூலும் போதும். தறி வேண்டா, தறிக்கு இடமும் வேண்டா. அதனாலேயே குடிசைகளில் அது விரைந்து பரவிற்று. இவ்வேலையை அப்படியே செய்யும் ஆலை எந்திரம் இன்றளவும் வழக்கில் இல்லை. அப்பெயரில் ஆலையிலிருந்து வருவன அதுபோல் தோற்றமளிக்கும் வேறு பின்னல்களே. ஆகவே கடையில் குரோஷாத் தொப்பி மிக மலிவாகக் கிடைத்தால், யாரோ ஒருவரின் கூலி அங்கே குறைக்கப்பட்டிருக்கிறது என்பதை நெசவாளராகிய நாம் சொல்லாமலே அறிவோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கரடி உடை பின்ன வேண்டுமாயின் அரைக் கிலோவுக்கு மேல் நூல் செல்லும். ஸ்வெட்டர்ப் பின்னலைவிடக் குரோஷாவுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நூல் கூடுதலாகும் என்பது கைவினையாளர் கணக்கு. முப்பது நாற்பது மணி நேர உழைப்பும் போகும். மறு ஆண்டு பிள்ளை வளர்ந்துவிடும். இதனைச் சிக்கனம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பூனையைப் பூனையென்று காட்டுவது காதும் வாலுமே. அவற்றை மட்டும் பின்னிக்கொண்டு, உடலுக்கு வீட்டிலுள்ள கறுப்புச் சட்டையையும் கால்சட்டையையும் அணிவித்தால் வேடம் நிறைவுறும். கனடாவில் அக்டோபர் இறுதியில் குளிர் கடுமையாதலால், எவ்வளவு அழகிய உடையாயினும் மேலே கனத்த கோட்டு மூடிவிடும்; தலையிலுள்ளது மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

நூலைப் பொறுத்தமட்டில் மலிவானது அக்ரிலிக். அதைத்தான் பெரும்பாலோர் வாங்குகின்றனர். இவ்விழாவோ வாசல்தோறும் மெழுகுவர்த்தி எரியும் விழா. 2014-ஆம் ஆண்டு ஹாலோவீன் மாலையில் இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் கடை உடை மெழுகுவர்த்திச் சுடரில் பற்றி, அவள் கடும் தீக்காயமுற்றாள். அந்நாட்டில் வேட உடைகள் ஆடையாக அல்லாமல் விளையாட்டுப் பொருளாக வகைப்படுத்தப்பட்டிருந்தமையால், பிள்ளைகளின் இரவு உடைக்குரிய கடுமையான தீச்சோதனை அவற்றுக்கு இல்லை என்பது அதன்பின்னரே பலருக்குத் தெரிந்தது. அக்ரிலிக் எளிதில் பற்றி, உருகித் தோலில் ஒட்டும். நாம் விளைவித்து நெய்யும் பருத்தியும் விரைந்து எரியக்கூடியதே. அதைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டுவதில்லை. கம்பளியோ எளிதில் பற்றாது. பற்றினாலும் கருகிப் பெரும்பாலும் தானே அவியும். கம்பளி விலை அதிகமாயிற்றே என்றால், பெட்டியில் கிடக்கும் பழைய ஸ்வெட்டரே அதற்கு வழி.

கம்பளிதானா என்று அறிய, ஓர் இழையை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுக. மயிர் கருகும் நாற்றமும் நொறுங்கும் சாம்பலும் கம்பளியைக் காட்டும்; காகிதம் எரியும் மணம் பருத்தியை; உருகி உருண்டு கடினமாகும் மணி செயற்கை இழையை. அடுத்து ஸ்வெட்டரின் பக்கத் தையலைப் பார்க்க வேண்டும். துண்டுகளைத் தனித்தனியே பின்னி, ஓரங்களை நூலால் இணைத்திருந்தால் நன்று. துணிபோல் வெட்டி ஓரம் அடித்திருந்தால், பிரிக்கும்போது வரிசைக்கு ஒரு துண்டாக நூல் அறுந்து வரும். அதனைத் தொட வேண்டா. வெந்நீரில் துவைத்துச் சுருங்கி இறுகிப்போனதும் பிரியாது.

இணைப்பைப் பிரித்தபின் கழுத்துப் பக்கத்திலிருந்து நூலை இழுத்து, நாற்காலியின் முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுக. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அடியில் சிறு பளு கட்டி நிழலில் தொங்கவிட்டால் சுருள் நீங்கும். சிட்டத்தோடு பழகிய கைகளுக்கு இது புதிதன்று. நூல் மெல்லியதாயின் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பின்னலாம். பெரியவர் ஒருவரின் கனத்த ஸ்வெட்டர் நான்கைந்து தொப்பிகளுக்குக் காணும்.

தலைச்சுற்றளவு 20 அங்குலமுள்ள பிள்ளைக்குப் பூனைத் தொப்பி செய்ய வட்டமாகப் பின்னத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 9 அங்குல அகலமும் 16 அங்குல நீளமுமுள்ள ஒரு பட்டையைப் பின்னி, நீளவாட்டில் பாதியாக மடித்து, இரு பக்கங்களையும் தைத்துவிட்டால் போதும். 18 அங்குலச் சுற்றளவுள்ள பை ஆகும். கம்பளியின் நெகிழ்ச்சியால் தலையில் பொருந்தி நிற்கும். மேல் மூலைகள் இரண்டும் தாமே காதுகளாக எழும். அவற்றின் அடியில் ஒரு நூலைச் சுற்றிக் கட்டினால் இன்னும் எடுப்பாகத் தோன்றும். முதலில் சிறு மாதிரி பின்னிக் கண்ணிகளை எண்ணிக்கொள்வது அவசியம். 4 அங்குலத்துக்கு 14 கண்ணிகள் வருமாயின் 9 அங்குலத்துக்கு 31 அல்லது 32. பழுப்பு நூலில் பின்னி, வெண்மையான இரு வட்டங்களைக் கண்ணாகத் தைத்தால் அதே தொப்பி ஆந்தையாகிவிடும். வாலுக்கு ஒரு குறுகிய பட்டை போதும். முழங்காலுக்குக் கீழே இறங்கினால் படியில் மிதிபட்டுப் பிள்ளை விழ நேரும்.

அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்துப் பின்னுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர் ஒற்றைக் கண்ணி என்பதை ஆங்கிலேயர் இரட்டைக் கண்ணி என்பர். ஆங்கிலேய மாதிரியை அமெரிக்க முறையில் படித்தால் ஒவ்வொரு வரிசையும் ஏறக்குறைய இருமடங்கு உயரமாகி, பிள்ளையின் தொப்பி தாத்தாவுக்கு உரியதாகும்.

வலைபோல் பின்னிய சிலந்திச் சால்வைக்கு நூல் குறைவாகச் செல்வது உண்மை. ஆயினும் இடைவெளிகளில் காற்று நிறைந்திருப்பதாலும் தளர்ந்து தொங்குவதாலும் சுடரருகே அது ஆகாது; பூசணி விளக்கில் மெழுகுவர்த்திக்குப் பதில் மின்கல விளக்கு வைக்கும் வீடுகளுக்கே அது தகும். இருளில் நடமாடும் பிள்ளைகளுக்கு வாகனமும் ஆபத்து. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பாதசாரிகள் மரணமடையும் அபாயம் ஹாலோவீன் மாலையில் மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு கூடுதல் என்று கண்டனர். கறுப்புப் பூனைக்கும் வெண்மையான காதும் வால்நுனியும் இருக்கட்டும். பார்வையை மறைக்கும் முகமூடியைப் பின்னாமலிருப்பதே நலம்.

கண்ணும் மீசையும் தொப்பியோடு சேர்த்துப் பின்னப்படாமல், தனியே பின்னித் தைக்கப்பட வேண்டும். விழா முடிந்ததும் அவற்றைப் பிரித்தெடுத்தால், மார்ச் வரை பள்ளிக்கு அணிந்து செல்ல ஒரு கம்பளித் தொப்பி மிஞ்சும்.